தொழுகை நேரத்தில் திறக்கும் கதவு

வேலூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்று, ஆம்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம். நான் பிரசவம் பார்த்த குழந்தை ஒன்று மூன்றாம் மாதத்தில் மெலியத் தொடங்கியது. காரணம் தேட வேண்டியதே இல்லை. அதன் தாய் தோல் பதனிடும் இடத்தில் ஆவாரம்பட்டை இடிப்பவள். விடியலில் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே விடுவார்கள். பகலெல்லாம் குழந்தைக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஊற்றும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

முதலாளியைப் பார்க்கப் போனேன். சொல்ல வேண்டியதை ஆறு பாகமாகப் பிரித்து மனப்பாடம் செய்திருந்தேன்: தாய்ப்பால், வயிற்றுப்போக்கு, பால் கட்டி வரும் காய்ச்சல், இப்படி. அவர் தலை குனிந்து மரியாதையாகக் கேட்டார். மூன்றாவதை முடிக்கும்போது மசூதியில் பாங்கு சொன்னார்கள். "தப்பா நினைக்காதீங்கம்மா" என்று எழுந்துவிட்டார்.

காவல்காரர் பெரிய கதவைத் திறந்தார். ஆண்கள் தொழப் போனார்கள். உலக்கைச் சத்தம் நின்றது. பெண்கள் மட்டும் பட்டைக் குவியலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தாய் என்னிடம் வந்தாள். பால் கசிந்து நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடியிருந்தாள்.

"இன்னா சொன்னாரு நர்சம்மா?"

"ஆறு விஷயத்துல மூணுதான் சொன்னேன். எழுந்துட்டாரு."

"ஆறா? எனக்கே கொட்டாவி வந்துடும்."

திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் முதலாளியிடம் ஒன்றை மட்டும் கேட்டேன். "தொழுகைக்குக் கதவு திறக்கும்போது பிள்ளைங்கள கொண்டாந்தா, தாய்ங்க பால் கொடுக்கலாங்களா? ஆளுங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"வெளிய விட்டா தோல் துண்டு திருட்டுப் போவுதுன்னுதாம்மா இந்தக் கட்டு."

"வெளிய வர வேணாங்க. கதவுக்கு உள்பக்கமே உட்காரட்டும்."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து இதைத்தான் சொல்ல வந்தீங்களா?"

"இல்லீங்க. நேத்து இது எனக்கே தோணல."

"நேத்து பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி" என்று சிரித்தார். காவல்காரரைக் கூப்பிட்டு, "கைப்பிள்ளைக்காரிங்க எல்லாருக்கும், தினமும்" என்றார்.

அன்று மதியமே பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கி வந்தாள். காவல்காரர் யாரும் சொல்லாமலே முக்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தாய் பட்டைத்தூள் போகக் கை கழுவிவிட்டு வந்து மடியில் வாங்கிக்கொண்டாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பகலில் பால் கிடைத்து அதற்குப் பழக்கமில்லை. அவள் கன்னத்தை மெதுவாகத் தடவினாள். திரும்பவும் தடவினாள். பிறகு அது பிடித்துக்கொண்டது. குடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.