ஐந்து சனிகாக்களில் என் சனிகா

என் தம்பி மகனுக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு அரிசிமணியால்தான். எங்கள் முண்டா ஜனங்களில் பிள்ளை பிறந்தால், இலைத்தொன்னைத் தண்ணீரில் பிள்ளைக்காக ஒரு மணியை விட்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி இன்னொரு மணி விடுவோம். எந்தப் பெயருக்கு மணிகள் போய் ஒட்டுகின்றனவோ, அந்தப் பெயர் பிள்ளைக்கு. பெயருக்கு உரியவர் ஆயுசுக்கும் அவனுக்குப் பெயர்த்தோழர். இவனுடைய மணி கிழவர் சனிகாவின் மணியோடு ஒட்டியது. அப்படி எங்கள் ஊரில் ஐந்து சனிகா முண்டாக்கள்.

மற்ற நால்வரும் கூப்பிட்டால் "எந்தச் சனிகா?" என்று கேட்பார்கள். இவன் கேட்கமாட்டான். "வந்தேன்" என்பான். குசும் மரத்தில் ஏறி அரக்குப் பூச்சி கட்டிய கொம்பு ஒடிக்க வேண்டுமா, பள்ளத்தில் விழுந்த மாட்டைத் தூக்க வேண்டுமா, யாரைக் கூப்பிட்டாலும் வந்து நிற்பவன் இவன்தான். பிழைக்கத் தெரியாதவன் என்று அவன் பெண்டாட்டியே சொல்வாள். நான் ஒத்துக்கொண்டதில்லை.

தை மாதத்து மாகே பண்டிகை முடிந்த கையோடு, ஓடைக்கரைக் காட்டில் பயிரிட்டிருந்த அபினிச் செடிகளைப் போலீஸ் வெட்டிச் சாய்த்தது. யாருடையது என்று வழியில் போனவனை மிரட்டியிருக்கிறார்கள். அவன் சனிகாவுடையது என்று சொல்லிவிட்டான். அதிகாரி ஊருக்குள் வந்து "சனிகா!" என்று கத்தினார். நால்வர் கொல்லைப்புறமாக நழுவினார்கள். மரத்தின் மேலிருந்த இவன் "வந்தேன்" என்று இறங்கி வந்தான். அவ்வளவுதான், ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அது யார் பயிர் என்பதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. வழக்கு முடியாததால் சொல்லமாட்டேன். யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

கீழ்க்கோர்ட்டு ஜாமீன் தரவில்லை. ஜெயிலுக்குப் போய்க் கம்பி வலைக்கு வெளியே நின்று அவனைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவன் தொட்ட பிறகுதான் பார்த்தான்.

"இங்க கூப்பிட்டா போகக்கூடாது அத்தை. போறவன்தான் கக்கூஸ் கழுவணும்" என்றான்.

ஜாமீன் கிடைக்காததைவிட அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. இவனை வெளியே கொண்டுவராமல் ஓயமாட்டேன் என்று வக்கீல் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அவர் போகச் சொன்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு இன்னும் வசதியாக உட்கார்ந்தேன். கடைசியில் மனுப் போட்டார்.

நாற்று நடும் நேரத்தில் மேல்கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. நிலம் காட்டு இலாகாவுடையது, இவன் கையிலும் வீட்டிலும் ஒன்றும் அகப்படவில்லை, போலீஸ் எழுதிய பெயருக்குத் தகப்பன் பெயர்கூட இல்லை என்று நீதிபதி சொன்னாராம். வாய்தா தவறாமல் வர வேண்டும். சொந்த நிலமுள்ள இருவர் பிணை நிற்க வேண்டும். ஊர்த்தலைவர் ஒருவர். இன்னொருவராகக் கிழவர் சனிகா தானாகவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கோர்ட்டில் குமாஸ்தா, யாருக்கு ஜாமீன் என்று கேட்டார். சனிகா முண்டாவுக்கு என்றோம். பிணை நிற்பது யார் என்றார். சனிகா முண்டா என்றார் கிழவர். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார்.

"தனக்குத் தானே ஜாமீனா? என்ன பெரியவரே, காலையிலயே போட்டுட்டு வந்துட்டீரா?"

"அவனுக்கு இருக்கிற பேரே என்னோடதுதாங்க. நான் நிக்காம வேற யாரு நிப்பா?"

"சரி சரி. ரெண்டு பேருக்கும் அப்பா பேரைச் சொல்லுங்க."

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "பிடிக்க வந்த அன்னிக்கே இதைக் கேட்டிருந்தா நாங்க ஏன் சாமி இங்க வந்து நிக்கப்போறோம்?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார்.

சாயங்காலம் வெளியே விட்டார்கள். வாங்கிவந்த புதுச் சட்டையைப் போட்டுவிட்டேன். பஸ் ஏறினோம். ஊர் எல்லையில் இறங்கி நடக்கும்போது வயலிலிருந்து யாரோ கத்தினார்கள்: "சனிகா! எருமை சேத்துல மாட்டிக்கிச்சு!"

அவன் நின்றான். எந்தச் சனிகா என்று கேட்டுவிடுவானோ, காதில் விழாததுபோல நடந்துவிடுவானோ என்று நானும் அசையாமல் நின்றேன்.

"வந்தேன்" என்று வரப்பில் இறங்கி ஓடினான்.

சட்டையையாவது கழற்றிவிட்டுப் போடா என்று கத்தினேன். அதற்குள் முழங்கால் சேற்றில் நின்றான்.