குழாய்க்காரி போட்ட துவரை

முறத்தில் பரப்பிய துவரை விதைமேல், ஆறிய கஞ்சியில் குழைத்த, பயிருக்கு உரமாகும் நுண்ணுயிர்த் தூளை மகள் ஊற்றினாள். இருவருமாகப் பிசறினார்கள். விதை கருத்தது; கைகளும் கருத்தன.

“மை பூசி எங்கடி அனுப்பப்போற இதுகள?” என்றாள் அம்மா.

“வெயில்ல வைக்காதம்மா, நுண்ணுயிர் செத்துடும்.”

“நான் வெயில்ல காயறேன், என்னைப்பத்தி ஒரு வார்த்தை வருதா பாரு!”

மகளுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் குழாய்க்காரி. மானாவாரிக் காடுகளில் சோள வரிசைகளுக்கு நடுவே துவரை போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய அண்ணன் முன்னே மாடு ஓட்டுவார். கலப்பையில் கயிற்றால் கட்டிய மூங்கில் குழாயில் விதையை விட்டபடி இவள் பின்னே நடப்பாள். விதை சிக்காதிருக்க விரலால் தட்டிக்கொண்டே வருவாள். ஓட்டுகிறவர் திரும்பினால் உழவுச்சால் கோணிவிடும். அதனால் தங்கை வருகிறாளா என்பதை அவர் காதால்தான் அறிவார். தட்டுச் சத்தம், கூடவே ஏச்சு: “அண்ணே, மாடு ஓட்டுறியா, தாலாட்டுறியா?”

விதை பிசறிய அன்று மத்தியானம் அவள் பாதிச் சாலிலேயே விழுந்து உயிரை விட்டாள். வரப்பை எட்டித் திரும்பியபோதுதான் அண்ணன் பார்த்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மகள் கேட்டாள். “சத்தம் நின்னதுமே திரும்பியிருக்கலாமே மாமா?”

“நிக்கலையே கண்ணு. பேச்சுதான் நின்னுச்சு. தட்டுற சத்தம் வரப்புவரைக்கும் வந்துச்சு.”

“குழாய் கல்லுல முட்டியிருக்கும்.”

“கல்லுக்குத் தாளம் தெரியுமா?”

அவர் சொல்வது பொய்யென்றால், சத்தம் நின்றும் திரும்பாமல் ஓட்டியிருக்கிறார்; அம்மா தனியாகக் கிடந்து துடித்திருக்கிறாள். அதை மன்னிக்க மகளால் முடியாது. நிரூபிக்க வழி இருந்தது: கை விட்டால்தான் விதை விழும், வெறுங்குழாய் எதையும் போடாது.

அம்மா விழுந்த இடத்தில் மண் அழுந்தியிருந்தது. அதைத் தாண்டி விரலால் கிளறினாள். கருப்பாய் ஒரு விதை, ஊறி உப்பியிருந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. பிறகும் ஒன்று. வரப்புவரைக்கும் இருந்தது. அவள் உள்ளங்கை மறுபடியும் கருத்திருந்தது.

ஓரச்சால் மட்டும் துவரையில்லாமல் திறந்து கிடந்தது. ஈரம் காய்வதற்குள் போட்டாக வேண்டும். மாமா மாட்டைப் பூட்டினார். அம்மாவின் மடியில் மீந்த விதையோடு மகள் குழாயைப் பிடித்தாள்.

“பேசிக்கிட்டே வா கண்ணு,” என்றார் அவர், திரும்பாமல். “வர்றது யாருன்னு எனக்குத் தெரியணும்.”