படத்துக்குக் குறுக்கே வந்த அறுப்பு மிஷின்

உறுவையாறு கிராமத்தில் செல்வி அக்காவின் வயலில் அறுப்பு மிஷினை இறக்கப் போனால், வரப்பில் குடை நட்டு ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டாண்டில் பாதி முடிந்த படம். எனக்கு எரிச்சலாக வந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது, நெல்லோ சாய்ந்து கிடந்தது. ஒரு மழை விழுந்தால் கதிரிலேயே முளைத்துவிடும்.

ஊரில் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ‘ஐயா’ மாதிரி. வில்லியனூரில் அறை எடுத்துத் தங்கி, மொபெட்டில் வயல்வயலாகப் போய் வரைகிறவர். வயல், ஏரி, வானம், அவ்வளவுதான். ஆளோ வண்டியோ அவர் படத்தில் வராது. இந்த வயலை நடவிலிருந்தே வரைந்துவந்தார். விளைந்த வயல்தான் கடைசிப் படம்.

“தம்பி, நாளைக்கு அறு. படம் முடிய ஒரு காலை போதும்” என்றார்.

“நாளிக்கி வண்டி சோரியாங்குப்பத்துல நிக்கணும் முசே. இன்னிக்கி வுட்டா அவ்ளோதான்.”

செல்வி அக்கா வரப்பில் ஓடிவந்தார். “இன்னா முசே இது? அழுவிப் போறதுக்கா பயிரு வச்சேன்?” என்று கத்தினார். முசேயின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்தார். “அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிப்பா. இவுரு முன்னால இருக்கறத கடைசியா அறு.”

அப்படியே செய்தேன். டேங்க் நிறைய நிறைய டிரெய்லரில் கொட்டிவிட்டு வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்தேன், அவர் கை நிற்கவில்லை. தூறல் விழுந்தபோது அவர் முன்னால் ஒரு துண்டுதான் மிச்சம். எனக்கு மனசு வரவில்லை, வண்டியை நிறுத்தினேன். அவரே கையை ஆட்டி “வா” என்றார். பிறகு துணியை எடுத்துப் படத்தின் நடுவைத் துடைத்தார். கோபம் என்றுதான் நினைத்தேன்.

அறுத்து முடித்து, நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டபின் போய்ப் பார்த்தேன். துடைத்த இடத்தில் கதிர் அறுத்த அடித்தாள், என் மிஷின், அதன்மேல் ஓர் ஆள்.

“நானா முசே?”

“நீயும்தான். பிரான்சுல எங்க அப்பாவும் இதே மாதிரி மிஷின்தான் ஓட்டினார். நான் வரைய உட்கார்ந்தா குறுக்கே வருவார். அவர் போற வரைக்கும் காத்திருந்து, வெறும் வயலை வரைவேன். இப்போ அவர் இல்ல. அவர் இருக்கிற படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல.”

செல்வி அக்கா உரச்சாக்கைக் கொண்டுவந்து படத்தை மூடினார்.

புதிதாக மிஷின் ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குறுக்கே ஆள் இருந்தால் இறங்கிப் போய்ப் பேசுங்கள். வேலையைக் கெடுக்க வந்தவர் என்றுதான் அன்று நான் அவரை நினைத்தேன். அவரும் தன் அப்பாவை அப்படித்தான் நினைத்திருக்கிறார்.