சேலத்துச் சீன வைத்தியரின் ஊர்

இன்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள, சேலம் கடைவீதியில் இருக்கும் சீனப் பல் வைத்தியரிடம் போனேன்.

சுவரில் ஏரியும் கல்பாலமுமாக ஒரு படம். "இது எந்த ஊருங்க?" என்றேன்.

"எங்கூருங்க, ஹாங்சௌ. அந்தக்காலத்து ராசதானி. ஏரியில படகுல போகோணுங்க. பாலத்து மேல நின்னு நெலாப் பாக்கோணுங்க. மலையடியில பழைய கோயிலும் இருக்குதுங்க."

சொல்லிக்கொண்டே பல்லைப் பிடுங்கிவிட்டார்.

பஞ்சைக் கடித்தபடி கேட்டேன்: "எப்பங்க ஊருக்குப் போறீங்க?"

"சண்டையில ஊர ஜப்பான்காரன் புடிச்சுட்டானுங்க. சனம் உசுரோட இருக்குதான்னே தெரியலீங்க."

என் வீட்டிலும் பேச ஆளில்லை. "பக்கத்துப் பல்லும் ஆடுதுங்க. நாளைக்கு வாரேன்" என்றேன்.

அவர் தொட்டுப் பார்த்தார். "நல்ல பல்லுங்க. சும்மாவே வாங்க."

நல்ல பல்லோடு வைத்தியரிடம் போகிறவன் நான் ஒருவன்தானா? நீங்களே சொல்லுங்கள்.