வல்வெட்டித்துறையில் நான் கொடுக்காத உத்தரவு

லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றவன் நான். இளம் அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டால், நான் கொடுத்த உத்தரவுகளைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது கொடுக்காத ஒன்று.

எண்பதுகளின் கடைசி. இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணம் போன படையில் நான் பிரிகேடியர். சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஒரு பிற்பகல் வல்வெட்டித்துறை சென்ட்ரி போஸ்டிலிருந்து வயர்லெஸ் அலறியது. பேசியவர் அங்கிருந்த கேப்டன். பஞ்சாப்காரர், கெட்டிக்காரர்.

"சார், ஃபயரிங்! கடற்கரை ரோட்டுல ஒரு கூட்டம் வருது. மார்ட்டார் அடிக்க பர்மிஷன் குடுங்க."

"நம்ம ஆள் யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"இல்ல சார்."

"குண்டு எங்க விழுந்துச்சு?"

"தெரியல சார். சத்தம் மட்டும் விடாம கேக்குது. கூடவே ஏதோ மேளம் வேற."

மேளம் என்றதும் எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊரிலும் வயதானவர் இறந்தால் பறை முன்னே போகும். வெடி போட்டுத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் துப்பாக்கி இல்லை என்று யார் உத்தரவாதம் தருவது? என் ஊகம் தப்பினால் போஸ்டில் இருக்கும் பையன்கள் செத்துப்போவார்கள். ஊகம் சரியாக இருந்து நான் பர்மிஷன் கொடுத்துவிட்டால், பாடை தூக்குகிறவர்கள் செத்துப்போவார்கள்.

"நான் வர்ற வரைக்கும் ஒருத்தனும் சுடக்கூடாது" என்றேன். ஜீப்பில் போன தூரம் முழுக்கப் பயந்துகொண்டேதான் போனேன்.

ரோட்டில் வேட்டியும் வெற்று மேலுமாக ஆண்கள், பாடை, பறை. வழி நெடுக, அங்கே சீனவெடி என்று சொல்லும் பட்டாசின் சிவப்புக் காகிதம். கேப்டனின் முகம் வெளுத்துவிட்டது.

அன்று மாலையே என் அலுவலக வேலைகளைப் பார்க்கும் பிரிகேட் மேஜர் ரிப்போர்ட் எழுதிக் கொண்டுவந்தார். 'பிரிகேடியரின் சமயோசிதத்தால் பொதுமக்கள் காப்பாற்றப்பட்டனர்.' படிக்க நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்தைக் காலையில் போடலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பாராட்டையும் எதிர்பார்த்தேன். இறந்தவர் ஒரு காலத்தில் பாய்க்கப்பல் ஓட்டியவராம். மகள் பள்ளிக்கூட ஆசிரியை. நாற்காலி எடுத்துப் போட்டார்.

"வெடி கொளுத்தித்தான் தன்னை எடுக்கோணும் எண்டு அப்பா சொன்னவர். உங்கடை காம்ப் பக்கத்திலை இருக்கு, வேண்டாம் எண்டு நான் சொன்னனான். அண்ணை கேக்கேல்லை."

"நேத்து சுடுறதுக்கு ரெடியா இருந்தாங்கம்மா. நான்தான் தடுத்தேன்."

நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை.

"அப்ப, சுடாமல் விட்டதுக்கு நாங்கள் உங்களுக்கு நன்றி சொல்லவேணுமோ, ஐயா?"

"வேண்டாம்மா" என்றேன். அவமானமாக இருந்தது. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

முகாமுக்குத் திரும்பியதும் ரிப்போர்ட்டில் அந்த வரியை அடித்து நீக்கினேன். பிரிகேட் மேஜருக்கு வருத்தம்.

"நடந்ததுதானே சார்?"

"காப்பாத்தினோம், சரி. யார்கிட்ட இருந்து?"

அவர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனார். வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு இதே கேள்வியைத்தான் கேட்பேன். இதுவரை ஒருவரும் கை தூக்கியதில்லை.