எந்தக் கரை நேரம்

நான் பெருமைப்பட்டு எழுதிய முதல் நிரல் என் கலியாணத்தை அரை மணித்தியாலம் பிந்த வைத்தது. இதை என் வீட்டுக்காரர் காது மூக்கு வைத்து ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அதனால் நானே ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது.

சுனாமியாகக் கடல் வந்து போன அடுத்த வருடம், மட்டக்களப்பு நகரத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த நாட்களில் நகரத்தில் காகங்களைவிட வெள்ளை ஜீப்புகள் அதிகம். கொம்பியூட்டர் டிப்ளோமா வைத்திருந்த ஒரே ஆள் நான் என்பதால், மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் பழுதானாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் அலுவலகத்தின் முக்கியமான உற்பத்தி கூட்டம். வள்ளம் கொடுக்க ஒரு கூட்டம், வலை கொடுக்க ஒரு கூட்டம், போன கூட்டத்துக்கு ஏன் ஆட்கள் வரவில்லை என்று ஆராய இன்னொரு கூட்டம். ஆட்கள் வராததற்குக் காரணம் படிவம். கூட்டம் எப்போது என்ற இடத்தில் ஒருவர் நாளை முன்னுக்கும் மாதத்தைப் பின்னுக்கும் எழுதுவார், மற்றவர் மாறி எழுதுவார். ஒரு மீனவர் சங்கத் தலைவர் ‘அம்மன் சடங்கு முடிந்த திங்கள்’ என்று எழுதியிருந்தார். கதிரவெளியில் இருந்து வந்த ஒரு படிவத்தில் நேரம் என்ற இடத்தில் ‘வெயில் தாழ’ என்று மட்டும் இருந்தது. கொழும்பில் இருந்து வந்திருந்த எங்கள் மேலதிகாரி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “மிஸ், இதுக்கு ஏதாவது செய்யுங்க” என்றார்.

படிவத்தைக் கொம்பியூட்டருக்கு மாற்றி, அதில் ஒட்டுவதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு பிளகின், அதாவது ஒரு சின்னத் துணை நிரல், எழுதத் தொடங்கினேன். பெட்டியில் கிளிக் செய்தால் ஒரு சின்னக் கலண்டர் கீழே விழும். நாளைத் தொட வேண்டும், மணியைத் தொட வேண்டும், அவ்வளவுதான். எழுதுவதற்கு இடமே இல்லாததால் வெயில் தாழவும் இடமில்லை. ஆயத்தமாகச் செய்து வைத்த கலண்டர்கள் இணையத்தில் இருந்தன. ஆனால் தொலைபேசி வயர் வழியாக ஒன்றை இறக்கி முடிப்பதற்குள் மின்சாரம் போய்விடும். அதோடு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஒருமுறை எழுதினால் போதும், பிறகு எந்தப் பக்கத்திலும் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கவே தேவையில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிழை மாதத்தில் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஜனவரி முதலாம் மாதம் அல்ல, பூச்சியம். அதை மறந்து நான் எழுதிய பிளகின், ஜூலைக் கூட்டத்துக்கு ஜூன் மாதம் என்று போட்டு ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு அழைப்பிதழ் அடித்தது. மேலதிகாரி கையெழுத்திட்டு அனுப்பினார். முடிந்து போன ஒரு நாளுக்கு அழைத்திருக்கிறார்களே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கிழமையில் முத்திரை குத்திய பதில் வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் கூட்டத்துக்குச் சமுகமளிக்க முடியாமல் போனதற்கு வருந்துவதாகவும், கூட்டம் சிறப்பாக நடந்திருக்கும் என்று நம்புவதாகவும் எழுதியிருந்தார்கள். மேலதிகாரி அதைக் கோப்பில் போடச் சொன்னார்.

அதே கலண்டரை இழப்புகளைப் பதியும் பக்கத்திலும் ஒட்டினோம். அங்கே அது எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். நான் பின்னோக்கிய அம்புக்குறியை மாதம் மாதமாக அழுத்திக்கொண்டு போவேன், அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் போய்ச் சேருகிற நாள் ஒன்றுதான். இரண்டாம் நாளே அந்தப் பக்கத்தில் மட்டும் திகதி தானாகவே நிரம்பும்படி மாற்றிவிட்டேன். யாரையும் அந்த நாளைத் தெரிவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது சிக்கல் இரண்டு காலில் நடந்து வந்தது. அவர் படுவான்கரையில் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கு வந்து, பிந்திய முகமே இல்லாமல் உட்கார்ந்தார்.

“தம்பி, ஒன்பது மணிக்கல்லவா கூட்டம்?” என்றார் மேலதிகாரி.

“ஒன்பதுக்குத்தானே சேர் வந்திரிக்கன்,” என்று அவர் கைமணிக்கூட்டைக் காட்டினார். ஒன்பதேதான்.

“அப்ப சுவரில உள்ளது பிழையா?”

“இல்ல சேர். அது இந்தக் கரைக்குச் சரி.”

மேலதிகாரிக்கு விளக்கம் சொல்ல அரை மணித்தியாலம் போனது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, அங்கே அரசாங்கத்தின் நேரம். மேற்கே படுவான்கரை, அங்கே ஆட்சி செய்த இயக்கத்தின் நேரம். அரசாங்கம் ஒரு காலத்தில் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது அந்தப் பக்கம் தள்ள மறுத்துவிட்டது. அதனால் மண்முனையில் பாதையில் ஏறினால், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில் ஏறினால், புறப்பட்ட நேரத்துக்கு முன்னதாகவே அக்கரையில் போய் இறங்கலாம். எங்களுக்கு அது புதினமே இல்லை. சின்ன வயதில் இருந்தே ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டுத்தான் எந்த அலுவலுக்கும் புறப்படுவோம்.

கூட்டம் முடிந்து அவர் என் மேசைக்கு வந்தார். “மிஸ், உங்கட கலண்டர் நல்லாத்தான் இரிக்கி. ஆனா எந்தக் கரையெண்டு கேக்குதில்லையே.”

அவர் வாயை அடைப்பதற்காகவே அன்று பின்னேரம் இரண்டு பொத்தான்கள் வைத்தேன். எந்தக் கரை? எழுவான், படுவான். படுவானைத் தொட்டால் பிளகின் சத்தமில்லாமல் முப்பது நிமிடத்தைக் கூட்டி நகரத்து நேரமாக மாற்றிக்கொள்ளும். உலகத்தில் வேறெந்தக் கலண்டரிலும் இல்லாத வசதி. முழு நிரலிலும் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான். அவரும் அதற்குப் பிறகு நேரத்துக்கு வரத் தொடங்கினார். கூட்டம் இல்லாத நாட்களிலும் வந்தார்.

அடுத்த சித்திரை வருடப்பிறப்போடு அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. இரண்டு கரைக்கும் ஒரே நேரம் வந்துவிட்டது. நேரம் ஒன்றான கையோடு சண்டை மூண்டது, பாதை நின்றது, அலுவலகமும் மூட்டை கட்டியது. இழுத்துப் பறித்துக்கொண்டிருந்த அரை மணித்தியாலத்தை ஒருவரும் பிறகு நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பிளகினை ஒரு சீடியில் எழுதி அலுமாரியில் வைத்தேன். அவர் சனங்களோடு இடம்பெயர்ந்து எங்கள் ஆரையம்பதிப் பக்கத்து முகாமுக்கு வந்தார். பிறகு ஊர் திரும்பினார். அதற்குள் எங்கள் விசயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

யுத்தம் முடிந்த பிறகு நான் வீட்டில் இருந்தபடி இணையப் பக்கங்கள் செய்யத் தொடங்கினேன். முதல் வாடிக்கையாளர் காத்தான்குடியில் வேன் ஓட்டுகிற ஒரு நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கட்டாரில் இருக்கிறவர்கள் அங்கிருந்தே வேன் பதிய வேண்டும் என்றார்.

“தங்கச்சி, எந்தக் கரையெண்டு மட்டும் கட்டாயம் கேளுங்க. பாதையில ஏத்திற வேலையா இல்லையாண்டு எனக்குத் தெரியணும்.”

எனக்குப் புல்லரித்தது. அந்தக் கேள்வி கேட்கும் பிளகின் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, அது என் அலுமாரியில் இருந்தது. எடுத்து அப்படியே ஒட்டினேன். உள்ளே திறந்து பார்க்கவில்லை. காத்தான்குடியில் இருந்தும் ஏறாவூரில் இருந்தும் விமான நிலையத்துக்குப் பதிவுகள் வந்தன. ஒரு குறையும் இல்லை. படுவானை ஒருவரும் தொடவில்லை என்பதால்தான் குறை இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு படுவான்கரையில் இருந்து மாப்பிள்ளை போன் எடுத்தார். “மிஸ், எங்கட கட்டார் மச்சான் அங்கயிரிந்தே ரெண்டு வேன் பதிஞ்சிட்டார். உங்கட பக்கத்திலதான். எந்தக் கரையெண்டு கேட்டதாம்.” நான் பூரித்துப் போனேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வந்தால் அங்கேயே குடியிருந்தும் விடுவார். காலை ஏழு மணிக்கு வேன் புறப்படும், எட்டுக்கு மாப்பிள்ளை வாசலில் நிற்பார், எட்டு இருபதில் இருந்து ஒன்பது ஐந்து வரை முகூர்த்தம். எட்டாயிற்று. எட்டு ஐந்தாயிற்று. என் தம்பி போன் எடுத்துப் பார்த்தான். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னாள். நானாவின் போனிலும் அவளேதான் இருந்தாள். அக்கரையில் அப்போது சிக்னல் அப்படித்தான்.

எட்டுப் பத்துக்கு, தலைநிறையப் பூவோடும் மூக்குத்தியோடும் உட்கார்ந்திருந்த எனக்கு விசயம் பிடிபட்டது. கட்டார் மச்சான் படுவானைத் தொட்டிருப்பார். பிளகின் முப்பது நிமிடத்தைக் கூட்டியிருக்கும். நானாவுக்கு ஏழரை என்று போயிருக்கும். என் அருமை வரி, இல்லாமல் போன ஒரு நேரத்தை இன்னும் பக்குவமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மணப்பெண் எழுந்து, இது மாற்றியமைக்க மறந்த ஒரு வரி என்று சபைக்கு விளக்கவும் முடியாது.

அப்போது அம்மாவைக் கண்டேன். அவர் போய் வாசல் இரும்புப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா ஒருநாள் வயல்வட்டையைப் பார்க்க அக்கரைக்குப் போனவர். பின்னேரம் வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் பாதையில் ஏறினார். அன்றைக்கும் அம்மா அந்தப் படலையில்தான் நின்றார். எங்கள் வீட்டில் அக்கரையில் இருந்து ஓர் ஆள் பிந்துவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. யுத்தம் முடிந்தது என்று வானொலி சொல்லியிருந்தது, படலைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிழை என்னுடையதாக இல்லாவிட்டால்? நிரல் எழுதுகிறவர்கள் கும்பிடுவதெல்லாம் பிழை இருக்கக்கூடாது என்றுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு, அம்மன் தாயே, பிழை என்ர பிழையாவே இருக்கட்டும், முப்பது நிமிடம் மட்டும், ஒரு நிமிடம்கூடக் கூடக் கூடாது என்று கும்பிட்டேன்.

எட்டு இருபது. ஐயர் தொண்டையைச் செருமினார். எட்டு இருபத்தைந்து. பெரியம்மா ஒருவர் மெல்ல அழுவதற்கு இடம் பார்த்தார். சரியாக எட்டு முப்பதுக்கு ஒழுங்கை முடக்கில் வேன் ஹோர்ன் கேட்டது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பொம்பிளைக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் நானா, “எனக்கென்ன தெரியும், ஏழரையெண்டுதானே கொம்பியூட்டர் சொன்ன,” என்று தம்பியோடு வாதாடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வேர்க்க வேர்க்க வந்து மணவறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மிஸ், உங்கட வேன்தான் பிந்தின,” என்றார் மெல்ல.

“தெரியும். அரை மணித்தியாலம்.”

“எப்படித் தெரியும்?”

“மறுகா சொல்றன். தாலியக் கட்டுங்க.”

அம்மா படலையை விட்டு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். அவர் கையில் படலையின் துரு ஒட்டியிருந்தது, அதைச் சேலையில் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிழமையே அந்த வரியில் முப்பதைப் பூச்சியமாக்கினேன். பொத்தான்களை எடுக்கவில்லை, பாலம் கட்டும் வரைக்கும் நானாவுக்கு அவை தேவைப்பட்டன. இப்போது பாலம் வந்து பாதையும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் இன்னும் வேலைக்கு அக்கரைக்குத்தான் போய் வருகிறார், இன்னும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் முதல் அரை மணித்தியாலம் நான் பயப்படுவதில்லை. அது என் பிழை. அதற்குமேல் ஒரு நிமிடம் போனாலும் எழுந்து படலைக்குப் போய்விடுகிறேன்.