செவலைக்கு எந்தக் கால்?

நெய்வேலி ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டிய பாவாடைக்கு அந்தப் பெயர், பாவாடைராயன் சாமியை வேண்டிக்கொண்டு பெற்றதால் வந்தது. தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். "ஏறிக்கினு சிரிங்க, வெய்யில் ஏறுது" என்பார் அவர்.

அவருடைய தகப்பனும் பாட்டனும் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர்கள். பாவாடை இளவயதிலேயே பண்ருட்டிக்குப் போய் ஒரு மண்டியில் பலாப்பழ வண்டி ஓட்டினார். மண்டிக்காரர் லாரி வாங்கியபோது வண்டியையும் செவலைக் குதிரையையும் அவருக்கே மலிவாக விட்டுக்கொடுத்தார். அப்போது நெய்வேலியில் சுரங்கம் வெட்டத் தொடங்கிக் குவார்ட்டர்ஸ்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மூட்டை முடிச்சோடு ரயிலிறங்கும் குடும்பங்களுக்கு வண்டி வேண்டியிருந்தது. ஆனால் ரயில் சவாரி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வீட்டில் உலை கொதித்தது பள்ளிக்கூடச் சவாரியால்தான். ஒரே தெருவிலிருந்து ஆறு பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வருவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவருடைய ஊரும் சுரங்கத்துக்குப் போயிற்று. டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு மனை கிடைத்தது. குடிசை போட்டு, பக்கத்திலேயே செவலைக்கும் கொட்டகை போட்டார். ஊரிலிருந்து இருட்டோடு புறப்பட்டு மணல் தடத்தில் வெறும் வண்டியோடு வரும் அலைச்சல் இனி இல்லை. "குதிரைக்கும் வயசாச்சி. இனிமே அதுவும் கொஞ்சம் தூங்கட்டும்" என்றாள் மனைவி மாணிக்கம்மாள்.

அந்தத் தை மாதத்தில்தான் செவலை நொண்டத் தொடங்கியது. பெரிய நொண்டல் இல்லை. காலையில் வண்டியில் பூட்டியதும் முன்காலை ஊன்றத் தயங்கும், வைக்கும் எட்டு குட்டையாக விழும், தலை ஏறி இறங்கும். ஒரு நாள் இடது கால் போலத் தெரியும், மறுநாள் வலது கால் போல. பாவாடை குளம்பைத் தூக்கிக் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார். லாடத்தைக் கழற்றிப் புதிதாக அடித்தார். வீக்கமும் இல்லை, சூடும் இல்லை.

பிள்ளைகள் ஏறும் முதல் வீடு தமயந்தியுடையது. அவள் கணவர் சுரங்கத்தில் என்ஜினீயர். தெருவில் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

"பாவாடை, குதிரை நொண்டுதுப்பா. பார்க்கவே சங்கடமா இருக்கு. எங்கேயாவது தடுக்கி விழுந்தா பிள்ளைங்க என்ன ஆகறது?"

"சரி பண்ணிடறங்கம்மா."

"இந்த வாரம் ஆபீஸ் ஜீப்ல அனுப்பிக்கறோம். திங்கட்கிழமையும் இப்படியே இருந்தா ரிக்‌ஷா பேசிடுவோம். கோவிச்சுக்காதே."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பாவாடை செவலையைக் கொட்டகையில் கட்டினார். வேப்பெண்ணெய் தடவி நீவினார். நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். வாய் நிறையப் புல் போட்டு, ஓர் அடி நடக்க விடாமல் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அவிழ்த்தபோது அது மரக்கட்டையை இழுப்பதுபோல் காலை இழுத்து நடந்தது. முன்பைவிட மோசம்.

அந்தப் பக்கத்தில் மாடு நொண்டினாலும் குதிரை நொண்டினாலும் கடைசி வைத்தியம் சூடு. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலில் கோடு இழுப்பார்கள். குள்ளஞ்சாவடிக்கு இந்தப் பக்கம் பெரியண்ணன் என்பவர் அதில் பேர்போனவர், பாவாடைக்கு மாமன் முறை.

"கெழட்டு ஒடம்பு, தாங்குமா?" என்றாள் மாணிக்கம்மாள்.

"போடலன்னா நாம தாங்குவமா? திங்கக்கெழம அந்தம்மா வாசல்ல ரிக்‌ஷா நிக்கும்."

சனிக்கிழமை விடியலில் வண்டி இல்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவன் ஒருவன், "யோவ், குதிரைய ஏத்தினு போவ ஒரு வண்டி புடிய்யா!" என்று கத்திவிட்டுப் போனான். பாவாடை திரும்பவில்லை. செவலையையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயம். முந்திரித் தோப்புகளின் நடுவே மணல் தடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வெயில் ஏறியபோது கயிறு தொய்ந்துவிட்டது. செவலை அவருடைய தோளோடு தோளாக வந்துகொண்டிருந்தது. அதையும் அவர் பெரிதாக எண்ணவில்லை.

பெரியண்ணன் வாசலில் அடுப்புக்கரியில் இரும்பு காய்ந்துகொண்டிருந்தது. காளைகளோடு நாலு பேர் காத்திருந்தார்கள்.

"எந்தக் கால் மாப்ள?"

"முன்னங்காலு மாமா."

"முன்னங்கால் ரெண்டு கீதே."

"எடது. செல நாளு வலது."

"நல்லா சொன்ன போ. நடத்திக் காட்டு."

நடத்திக் காட்டினார். செவலை நேராகப் போய் நேராகத் திரும்பியது. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓடவும் செய்தது. காத்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நல்ல குதிரைக்கி சூடு போட இம்மாந்தூரம் வந்துகிறான். அவனுக்கே ஒண்ணு போட்டு அனுப்பு பெரியண்ணே!"

பாவாடைக்கு முகம் சுருங்கிவிட்டது. செவலையைப் புளியமரத்தில் கட்டிவிட்டு, நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றார். வெயில் தாழட்டும் என்று சற்றுக் கண்ணயர்ந்தார். எழுந்து அவிழ்த்தபோது செவலை முதல் எட்டிலேயே நொண்டியது.

"தோ நொண்டுது பாரு! இடதுதான். கொண்டா, கொண்டா!" பெரியண்ணன் சிவந்த இரும்போடு எழுந்து வந்தார்.

பாவாடை கயிற்றை இறுக்கிப் பிடித்தார். கட்டி வைத்த நாட்கள் அவர் நினைவுக்கு வந்தன. அதற்கு முன் ஊரிலிருந்து வந்த மணல் தடமும் நினைவுக்கு வந்தது.

"இரு மாமா. கொஞ்சம் நடத்திப் பாக்கறன்."

"இரும்பு ஆறிப்பூடும்டா!"

"ஆறட்டும்."

மரத்தைச் சுற்றி நடத்தினார். மறுபடி நடத்தினார். சிரித்தவர்கள் இப்போது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மெல்ல நீண்டது, தலை ஆட்டம் நின்றது. பெரியண்ணன் இரும்பைக் கரியில் போட்டார். "இந்தக் குதிரப் பாட்டனாருக்கு நடந்தா எளகுது, நின்னா புடிச்சிக்குது. இதுக்குச் சூடு எங்கடா போடறது? கூட்டினு போ."

ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த நாட்களிலும் அது காலையில் விறைத்துத்தான் இருந்திருக்கும். மணல் தடம் அதை இளக்கிவிட்ட பிறகுதான் தமயந்தியின் வாசலுக்கு வந்து நின்றது. புது வீட்டிலிருந்து நேரே தார் ரோட்டில் ஏறியபோது பிடிப்பு எல்லார் கண்ணிலும் பட்டது. இதைப் பாவாடை திரும்பும் வழியில் செவலையிடமே சொல்லிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை இருட்டிலேயே செவலையைக் கையில் பிடித்து, டவுன்ஷிப்பைச் சுற்றி மண் ஓரமாக நடத்தினார். பிறகு வண்டியைப் பூட்டினார். தமயந்தி வாசலில் நின்று, வண்டி வருவதைக் கடைசி எட்டு வரை பார்த்தாள்.

"கால் சரியாயிடுச்சு போலிருக்கே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"சரியாவலிங்கம்மா. வயசு, அது போவாது. நடத்தி எளக வெச்சி கொண்டாந்துகிறன். நின்னா மறுபடி புடிச்சிக்கும். ஒவ்வொரு வூட்டு வாசல்லியும் காத்துக்கினு நிக்கறதுதாங்க அதுக்கு ஆவல. இனிமே பெட்டி, மூட்டையும் ஏத்தறதில்லன்னு விட்டுட்டன்."

தமயந்தி செவலையின் முழங்காலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "பிள்ளைங்க எல்லாம் இங்கே வந்துடுங்க! நாளையிலேருந்து ஆறு பேரும் நம்ம வாசல்லதான் ஏறணும். குதிரை நிக்காது."

கடைசியாக அவளுடைய சின்ன மகன்தான் பொத்தான் போடாத சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தான்.

"பொத்தானை வண்டியில போட்டுக்கோ. ஏறு, ஏறு!" என்று அவனைத் தூக்கி உள்ளே விட்டாள். பாவாடை கயிற்றைத் தளர்த்தினார்.